சிமிழ்ச் சிவப்பு

எனக்குக் கையெழுத்து அழகாக வரும். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே இரண்டு தடவை சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். அந்தக் கையெழுத்தை இரண்டு காகிதங்களில் போடாமல் இருந்திருக்க வேண்டும். முதல் காகிதம் பதினாறு பேரைக் கொன்றது. இரண்டாவது காகிதம் செய்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள்.

ரசாயனச் சாயங்களை அரசாங்கம் ஒட்டுமொத்தமாகத் தடை செய்தபோது எனக்குப் பதினெட்டு வயது. ஒரே மாதத்தில் ஊர் வெளுத்துப் போனது. பஞ்சுமிட்டாய் வெறும் பஞ்சாக இருந்தது. கல்யாணப் பந்தியில் வெள்ளைக் கேசரி வைத்ததற்கு மாப்பிள்ளை வீட்டார் இலையை மூடிவிட்டு எழுந்து போன கதையெல்லாம் நடந்தது. பீட்ரூட் சாறு அடுப்பில் நிறம் விட்டது, செம்பருத்தி வெயிலில் வெளுத்தது. அப்புறம்தான் பாக்டீரியா வந்தது. அதை வளர்த்துச் சாயம் எடுக்கும் வர்ணிகா கம்பெனி அரசலாற்றுக்கு அக்கரையில் எட்டுத் தொட்டி கட்டியது. ஊரில் அதைச் சாயக் கம்பெனி என்றுதான் சொல்வோம். படித்துவிட்டு வேறு வேலைகள் பார்த்துச் சலித்து, முப்பத்தாறாவது வயதில் நான் அங்கே சேர்ந்தேன்.

என் பெயர் தன்ஷிகா. வேலையின் பெயர் உணவுப் பழக்கப் பதிவாளர். பெயர்தான் பெரிது. சாயம் எந்தப் பண்டத்தில் போகப் போகிறதோ, அதை நம் ஊர்க்காரர்கள் எப்படி, எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, பதிவு செய்து, படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தலைமையகத்தில் ஒரு செயற்கை வாயும் வயிறும் வைத்திருக்கிறார்கள். நான் எழுதி அனுப்புகிற பொருட்களை எல்லாம் அதற்குள் போட்டு அரைத்துப் பார்ப்பார்கள். அது பிழைத்தால் நாமும் பிழைப்போம் என்று கணக்கு.

கிளை மேலாளர் பிரணவ் டொராண்டோவில் வளர்ந்தவர். வீட்டில் பேசிக் கற்ற தமிழ். முதல் நாள் என்னைத் தொட்டிகளுக்கு நடுவே கூட்டிப்போய்க் காட்டினார். உள்ளே சிவப்பு குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"இதை நமக்காகவா சார் அது பண்ணுது?" என்றேன்.

"நமக்காக எதுக்குப் பண்ணும்? பக்கத்துல இருக்கற மத்த கிருமிங்களோட சண்டை போடப் பண்ணுது. இது அதோட ஆயுதம்."

"ஆயுதத்தையா கேசரியில போடறோம்?"

"அதுக்குத்தான் சிமிழ்" என்றார். சிமிழ் என்ற வார்த்தையை அவர் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். "ஒவ்வொரு துளி சிவப்பையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிமிழுக்குள்ள வெச்சு மூடிடறோம். வெயில் உள்ள போகாது, அடுப்புச் சூடு போகாது. வயித்து அமிலம்கூட அதைத் திறக்காது. வாய் வழியா போய், மூடினது மூடினபடி மறுநாள் வெளிய போயிடும்."

"திறந்துட்டா?"

"ரத்தத்துல நமக்குக் காவல் இருக்கு இல்ல, வெள்ளை அணு. அதைத் தூங்க வெச்சிடும். வலிக்காது, காய்ச்சல் வராது, ஒண்ணுமே தெரியாது. ஆனா அப்புறம் ஒரு சின்ன கீறல் போதும். ஆனா திறக்காது தன்ஷிகா. நாங்களே லேப்ல திறக்கணும்னா காரத்துல முக்கித்தான் திறக்கறோம். திறந்ததும் சிவப்பு மஞ்சளாயிடும். அதை வெச்சுத்தான் கண்டுபிடிப்போம்."

"காரம்னா மிளகாயா?"

அவர் சிரித்தார். "இல்ல இல்ல. சலவைச் சோடா மாதிரி. அதையெல்லாம் யார் வாயில போடப் போறாங்க?"

நானும் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

கேசரி, ஜாங்கிரி, தேன்மிட்டாய் எல்லாம் முடிந்து, மூன்றாம் வருஷம் சீவலுக்கு வந்தோம். சீவல் என்றால் பாக்கை இழை இழையாகச் சீவி, நெய்யில் வறுத்து, வாசனை சேர்த்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது செக்கச்செவேலென்று இருக்கும். தடைக்குப் பிறகு மரத்தூள் மாதிரி ஆகிவிட்டது. அதைச் சிவப்பாக்கினால் ஜில்லா முழுக்க விற்கும் என்று கம்பெனி நினைத்தது. நானூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினேன். படிவத்தில் ஏழாவது கேள்வி: இதனை எவ்விதம் உண்பீர்கள்? எல்லோரும் ஒரே பதில்.

"வெத்தல பாக்கு போடுவோம்."

எட்டாவது கேள்வி: வேறு ஏதேனும் சேர்ப்பீர்களா? ஒருவர் கிராம்பு என்றார். சிலர் ஏலக்காய், கல்கண்டு. புகையிலை என்று சொல்ல வெட்கப்பட்டவர்களிடம் நானே தோண்டித் தோண்டிக் கேட்டு வாங்கினேன். எனக்கு அதில் ஒரு பெருமை, யாரும் என்னிடம் எதையும் மறைக்க முடியாது என்று. கடைசியில் படிவத்தில் முத்து முத்தாக எழுதினேன்: வெற்றிலை, பாக்கு, கிராம்பு, ஏலக்காய், கல்கண்டு, புகையிலை. கீழே கையெழுத்து. எட்டு வாரத்தில் தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. செயற்கை வாய் பிழைத்துவிட்டது.

என் அண்ணன் சர்வேஷுக்கு ஆற்றங்கரையில் வெற்றிலைக் கொடிக்கால். அகத்தி நட்டு, அதில் கொடி ஏற்றி, பறித்ததைக் கடைத்தெருவில் தன் சின்னக் கடையிலேயே விற்பான். என்னைவிட ஏழு வயது பெரியவன். அப்பா அம்மா போன பிறகு அவனும் அண்ணி மோனிஷாவும்தான் எனக்கு வீடு. எனக்கு முப்பத்தொன்பது ஆகியும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். புதுச் சீவலை முதலில் எங்கள் ஊரில் மட்டும் விற்றுப் பார்த்தார்கள். பாக்கெட் வந்த அன்றே நான்தான் ஒரு பெட்டி தூக்கிக்கொண்டு போய் அவன் கடையில் வைத்தேன்.

"கலர் கண்ணைப் பறிக்குதே. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதே பாப்பா?"

"நான் கையெழுத்துப் போட்டதுண்ணே."

"அப்ப சரி" என்றான். வருகிறவர்களிடம் எல்லாம் என் தங்கச்சி கையெழுத்துப் போட்ட சீவல் என்று சொல்லி விற்றான். தானும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போட்டான்.

நாலு மாதம் கழித்து ஆட்டோ ஓட்டும் தமீம் முகம் மழிக்கும்போது தாடையில் கீறிக்கொண்டார். ஐந்தாம் நாள் இறந்துபோனார். அடுத்து பூக்கட்டும் ஷர்மிளா அக்காவுக்கு விரலில் ரோஜா முள். அப்புறம் கால் கட்டைவிரல் இடித்துக்கொண்ட ஒருவர், பல் பிடுங்கிக்கொண்ட ஒருவர். காய்ச்சலே இல்லாமல், புண் சிவக்காமல்கூட, உடம்பு சும்மா தோற்றுப்போனது. ஆறு வாரத்தில் பதினாறு பேர். கடைத்தெருவில் எல்லோரும் கையுறை போட்டுக்கொண்டு நடந்தார்கள். காய்கறி நறுக்கவே பயந்து சோறும் மோருமாகச் சாப்பிட்ட வீடுகள் உண்டு.

டாக்டர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். செத்தவர்கள் அத்தனை பேரும் வெற்றிலை பாக்குப் போடுகிறவர்கள். அத்தனை பேரும் என் அண்ணன் கடையில் இலை வாங்கியவர்கள். சுகாதார விசாரணைப் பிரிவு வந்து சீவலைத் தனியாகச் சோதித்தது. சிமிழ் மூடியிருந்தது, குற்றமில்லை. இலையைத் தனியாகச் சோதித்தது. அதில் துளி பூச்சிமருந்து இருந்தது. எந்தக் கொடிக்காலில் இல்லை? ஆனால் அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. தடை செய்த மருந்தை அடித்துப் பதினாறு பேரைக் கொன்றதாக அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் ஊர்க்காரர்களே அரிவாளோடு இறங்கிக் கொடிக்காலை அடியோடு வெட்டினார்கள். ஒருத்தருக்கும் கையில் ஒரு கீறல் விழவில்லை, அவ்வளவு ஜாக்கிரதையாக வெட்டினார்கள்.

எங்கள் வக்கீல் அஃப்ரீன் கெட்டிக்காரி. இரண்டு வாரத்தில் நிபந்தனை ஜாமீன் வாங்கிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜாமீனை ரத்து செய்யக் கேட்டு எதிர்த்தரப்பு மனு வருகிறது என்றும் சொன்னாள்.

அண்ணன் வீட்டுக்கு வந்த மத்தியானம் நான் போனேன். சாப்பிட்டு எழுந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு சுற்று மெலிந்திருந்தான், ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

"உள்ள சோறு பரவால்ல பாப்பா. உங்க அண்ணி சமையலுக்கு அது தேவலை."

"இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றதுதானே" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து. சொல்லிவிட்டு அழுதாள்.

அவன் ஒரு இலையை எடுத்துத் தொடையில் துடைத்தான். காம்பைக் கிள்ளினான். இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து, ஆள்காட்டி விரலில் சுண்ணாம்பை எடுத்து இலையின் முதுகில் தடவினான். அதே விரலால் என் கம்பெனிச் சீவலைக் கொஞ்சம் வழித்து எடுத்தான். மடித்து வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே விரலை வேட்டியில் துடைத்தான்.

வேட்டியில் மஞ்சள் கோடு விழுந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆரத்தி கரைத்த எல்லாருக்கும் அது தெரியும். சிவப்பில் சுண்ணாம்பு பட்டு மஞ்சளாவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிரணவ் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. சலவைச் சோடா மாதிரி. அதையெல்லாம் யார் வாயில போடப் போறாங்க?

"துப்புண்ணே" என்றேன்.

"என்னது?"

"துப்புங்கறேன்ல."

கத்திய கத்தலில் அண்ணி ஓடி வந்துவிட்டாள். அவன் துப்பினான். நான் அவன் கையை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு விரலாக, நகக்கண் நகக்கண்ணாக, ஏதாவது கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கால்களைப் பார்த்தேன். இல்லை. அப்புறம் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் வேட்டியில் விழுந்த மஞ்சள் கோட்டைத் தேய்த்துப் பார்த்தான். பிறகு, "தமீம் என்கிட்டதான் வாங்கினான். உன் பேரைச் சொல்லித்தான் கொடுத்தேன்" என்றான்.

மறுநாள் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அவன் காவல் முக்கால்வாசி தூங்கிவிட்டது. புதிதாக உள்ளே போகாவிட்டால் ஆறு மாதத்தில் தானே விழித்துக்கொள்ளும் என்றார் டாக்டர். அதுவரை ஒரு கீறல் கூடாது, கொசுக்கடியைச் சொறியக் கூடாது. சுத்தமான வீட்டில், சுத்தமான படுக்கையில் இருந்தால் பிழைப்பான். ஜெயிலுக்குப் போனால் எத்தனை நாள் தாங்கும் என்று நான் கேட்டதற்கு அவர் அறிக்கையை மடித்து என் கையில் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

பிரணவிடம் போனேன். மேஜைமேல் சீவலைக் கொட்டி, சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து ஒரு துளி வைத்தேன். மஞ்சளானதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். அதனால்தான் அடுத்து அவர் செய்தது எனக்கு அத்தனை கசந்தது.

"இது என்னது?"

"சுண்ணாம்பு. வெத்தலையில தடவறது."

"எல்லாரும் தடவுவாங்களா?"

"தடவாம எப்படிப் போடறது?"

அவர் என் படிவத்தைத் திரையில் கொண்டுவந்தார். என் முத்து முத்தான எழுத்து. "இதுல எங்க இருக்கு?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

பதிவுகளைக் கேட்டுப் பார்த்தோம். நானூற்றுப் பன்னிரண்டில் ஒரு ஐம்பது. ஒருத்தராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். வெத்தல பாக்கு, வெத்தல பாக்கு, வெத்தல பாக்கு. வேற ஏதாவது சேர்ப்பீங்களா என்று என் குரல் கேட்கிறது. வேற என்ன, அவ்வளவுதான் என்கிறார்கள். ஒரு பதிவில் அண்ணன் குரல். வெத்தல பாக்குதான் பாப்பா, புதுசா கேக்கற, என்று சிரிக்கிறான். சிரிப்புக்குப் பின்னால் டக்கென்று ஒரு சத்தம். சுண்ணாம்பு டப்பா மூடி. கேட்டுக்கொண்டேதான் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது என் காதில் விழவில்லை.

பத்திரிகை வைக்கப் போனால் வெற்றிலை பாக்கு. சபையில் மரியாதை செய்தால் வெற்றிலை பாக்கு. எந்த வாயும் சுண்ணாம்பு என்று சேர்த்துச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை.

"உங்களை வேலைக்கு எடுத்ததே இதுக்குத்தான்" என்றார் பிரணவ். "எனக்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"புது பாக்கெட் வருதுன்னு சொல்லிக் கடையில இருக்கறதெல்லாம் நாளைக்கே திரும்ப எடுத்துடறேன். இனிமே ஒருத்தரும் சாக மாட்டாங்க, அது என் பொறுப்பு. நீங்க இதை வெளிய சொன்னா கையெழுத்து உங்களோடது. உள்ள போறது நீங்க. தலைமையகம் உங்களைக் காட்டிட்டு ஒதுங்கிடும். என்னையும் சேர்த்துதான்."

"எங்கண்ணன்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "இலையில மருந்து இருந்திருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

நான் உள்ளே போனால் எனக்கு ஜெயில். அவன் போனால் சாவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அங்கிருந்து நேராக விசாரணைப் பிரிவுக்குப் போனேன்.

விசாரணை அதிகாரி ஊரில் இல்லை. வாக்குமூலம் எழுதும் ரைட்டர்தான் இருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர், மூக்குக்கண்ணாடி. இத்தனை வருஷத்தில் எல்லாம் மாறிவிட்டது, ரைட்டர் தமிழ் மட்டும் மாறவில்லை. மேஜைமேல் பேச்சைக் கேட்டு எழுதும் கருவி இருந்தது. ஆனால் அது கொச்சையாக எழுதுகிறது என்று அதைத் திருத்திச் சட்டத் தமிழில் போட்டுவிட்டு, கருவி எழுதியதை அழித்துவிடுவது அவர் வேலை. அதில் அவருக்குப் பெருமை. எனக்கு என் வேலையில் இருந்த மாதிரி.

ஒரு மணி நேரம் பேசினேன். சிமிழ், காரம், மஞ்சள், படிவம், என் தப்பு. சுண்ணாம்பு என்ற வார்த்தையை அன்றைக்குச் சொன்ன மாதிரி நான் என் ஆயுளில் சொன்னதில்லை. சுண்ணாம்பு தடவி வெத்தல பாக்குப் போடும்போது சுண்ணாம்பு பட்டு சிமிழ் உடையுது சார், இலையில ஒண்ணும் இல்ல சார், என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வெயில் ஏறியிருந்தது, தண்ணீர் கொடுத்தார். ஒரு இடத்தில் கண் கலங்கினார்கூட.

"இப்படி வளவளன்னு வேணாம்மா. கோர்ட்ல படிக்கறவங்க எரிச்சல் படுவாங்க" என்றார். "மேற்படி சாயமானது தாம்பூலம் தரிக்கையில் உறை சிதைந்து நஞ்சாகிறது என்பதை நான் நேரில் கண்டறிந்தேன். இப்படிப் போட்டா எல்லாம் அடங்கிடும்."

"எல்லாம் அடங்கிடுமா சார்?"

"தாம்பூலம்னா என்னம்மா? எல்லாம்தான்."

சரிதானே என்று தோன்றியது. தாம்பூலம் என்றால் எல்லாம்தான். அவர் முழுவதையும் நிதானமாக வாசித்துக் காட்டினார். நானும் கூர்ந்து கேட்டேன். எழுத்துப்பிழை ஒன்றை நானே திருத்தினேன். கையெழுத்துப் போட்டேன். அழகா இருக்கும்மா உன் கையெழுத்து என்றார்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் அண்ணன் என் பக்கத்தில் நின்றான். அண்ணி அவன் சட்டைப்பையில் டெட்டால் நனைத்த துணி வைத்திருந்தாள். நீதிபதி வெளிமாநிலத்துக்காரர். வாக்குமூலம் அவருக்கு மொழிபெயர்ப்பில் போயிருந்தது. அவருடைய தமிழ் உதவியாளர் அதைத் திரும்பத் தமிழில் எங்களுக்குச் சொன்னார். வெற்றிலையும் பாக்கும் சேரும்போது சாயம் நஞ்சாகிறது என்று, குற்றம் சாட்டப்பட்டவரின் உடன்பிறந்த தங்கையே கண்டறிந்து சொல்லியிருக்கிறார்.

அஃப்ரீன் எழுந்தாள். "சுண்ணாம்பு, கனம் நீதிபதி அவர்களே."

"வாக்குமூலத்தில் அந்தச் சொல் எங்கே?"

அவள் காகிதத்தைப் புரட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். மூன்று பக்கம். என் கையெழுத்து மூன்று பக்கத்திலும் இருந்தது. அந்த வார்த்தை ஒரு பக்கத்திலும் இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் அழகாகப் பேசினார். சாயம் தனியாகக் குற்றமற்றது, சோதனையில் நிரூபணம். பாக்கு தனியாகக் குற்றமற்றது. ஆகவே இரண்டும் சேர்ந்த சீவலும் குற்றமற்றது. மிஞ்சுவது இலை. இலையில் தடை செய்த மருந்து. அந்த மருந்துதான் உறையைச் சிதைத்திருக்கிறது. இதைச் சொல்வது வேறு யாரும் இல்லை, கம்பெனியில் வேலை பார்க்கும் இவர் தங்கை. தங்கையே அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறார் என்றால் உண்மைக்கு அவர் கொடுக்கும் மரியாதையை நாம் மெச்ச வேண்டும்.

நான் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்று கத்தினேன். அண்ணனைக் காப்பாற்ற இப்போது மாற்றிச் சொல்கிறாள் என்றார்கள். முதல் வாக்குமூலம்தான் செல்லும் என்றார்கள். மேஜைமேல் போட்டுக் காட்ட சீவல் எங்கே என்று தேடினால், ஊரில் ஒரு பாக்கெட் இல்லை. பிரணவ் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். அண்ணன் கடையில் கைப்பற்றிய பாக்கெட்டுகள் மட்டும் விசாரணைப் பிரிவிடம் அரக்கு முத்திரைக்குள் இருந்தன. அதைத் திறக்கத் தனி மனு போட வேண்டுமாம். மூன்று வாரம் ஆகுமாம்.

அண்ணனின் கடைசி மருத்துவ அறிக்கையை அஃப்ரீன் நீட்டினாள். ஜாமீனை ரத்து செய்து, சிறை மருத்துவமனையில் தக்க கவனிப்புத் தரப்படட்டும் என்று எழுதினார்கள்.

வேனில் ஏறும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. "பாப்பா, நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றான். போலீஸ்காரர் தோளைப் பிடித்துத் தள்ளினார். ஏறுபடியில் முழங்கால் இடித்தது. நான் அந்த முழங்காலைத்தான் பார்த்தேன். வேட்டிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

எட்டாம் நாள் செய்தி வந்தது. முழங்காலில் காசளவு சிராய்ப்பு என்று எழுதியிருந்தது. அரக்கு முத்திரை மனுவை, குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று திருப்பி அனுப்பினார்கள். பதினேழு என்று யாரும் எண்ணவில்லை. பதினாறோடு நிறுத்திவிட்டார்கள். என்மேல் வழக்கும் இல்லை. நான் உண்மை பேசிய தங்கை.

வர்ணிகா இப்போது வேறு சிமிழ் செய்கிறது, சுண்ணாம்பிலும் திறக்காததாம். பிரணவ் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும் முன் எனக்கு ஒரு கடிதம் வைத்தார். பிரிக்கவில்லை.

கருமாதிக்குச் சாமான் வாங்க வேண்டியிருந்தது. அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் எழுதினேன். பச்சரிசி, எள், தர்ப்பை, வாழைக்காய், தேங்காய். வெத்தல பாக்கு என்றாள். எழுதினேன். அடுத்து வாழைப்பழம் என்றாள். அதை நான் எழுதவில்லை. வெற்றிலை பாக்குக்குக் கீழே, தனி வரியில், என் அழகான கையெழுத்தில், சுண்ணாம்பு என்று எழுதினேன். அண்ணி எட்டிப் பார்த்தாள். வாழைப்பழம் என்று மறுபடி சொன்னாள்.

கடைத்தெருவில் கிஷோர் மளிகைக்குப் போனேன். நம்ம பக்கத்து இலையை விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் சோழவந்தான் இலை வைத்திருந்தான். சீட்டை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தவன், அந்த வரியில் நின்றான். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா இது, இதையெல்லாம் போயி எழுதிக்கிட்டு" என்றான். "வெத்தல பாக்குன்னு சொன்னாலே அதுல சுண்ணாம்பும்தானே? யாருக்குத் தெரியாது?"